எந்த மாடு என்று கேளுங்கள்

பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் நாங்கள் தமிழ் மாணவர்கள் சிலர் சேர்ந்து ரோல்ஸ் விற்றோம். வன்னியில் போரில் கணவனை இழந்த குடும்பங்களுக்கு ஆளுக்கொரு கறவை மாடு வாங்கிக் கொடுப்பது திட்டம். அது 2011ஆம் ஆண்டு. ரோல்ஸ், பற்றிஸ், ஒரு இசை நிகழ்ச்சி, கோயில் வாசலில் ஒரு உண்டியல் என்று பத்து மாடுகளுக்குக் காசு சேர்ந்தது. சில மாதங்களில் படங்கள் வந்தன. கறுப்பு வெள்ளைத் திட்டுகள் போட்ட பெரிய மாடுகள், கழுத்தில் மாலை, பக்கத்தில் கயிற்றைப் பிடித்தபடி கூச்சத்தோடு நிற்கும் பெண்கள். அந்தப் படங்களை முகநூலில் போட்டு விருப்பங்களை எண்ணிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவர்.

மூன்று வருடங்களுக்குப் பிறகு ஊருக்குப் போனபோது அந்தப் படங்களில் இருந்த ஒரு அக்காவைக் கிளிநொச்சிப் பக்கம் சந்தித்தேன். மாடு இல்லை. விற்றுவிட்டார்.

"குறை நினையாத பிள்ளை. அது நல்ல மாடுதான். ஆனா எங்கட வெயிலுக்குச் சரிவராது. மத்தியானத்தில நாக்கைத் தள்ளிக்கொண்டு நிக்கும். வைகாசி, ஆனியில இஞ்ச மனுசருக்கே தண்ணி இல்லை, அதுக்கு நான் எங்க போய்ப் பச்சைப் புல்லு வெட்டுறது?"

கொட்டிலில் இரண்டு சின்ன ஊர் மாடுகள் நின்றன. இரண்டும் சேர்ந்து நாளுக்கு மூன்று லீற்றர் பால்கூடத் தராது. ஆனால் அவை காலையில் தாமாகவே மேயப் போய்ப் பின்னேரம் திரும்பி வந்தன.

அக்கா எங்களைக் குறை சொல்லவில்லை. நான்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். மாடு வாங்கும்போது நாங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "எவ்வளவு பால் கறக்கும்?" அந்த நிலத்தில், அந்தத் தீனியில், அந்தக் கொட்டிலில் எவ்வளவு கறக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்தப் பிழையை நாங்கள் மட்டும் செய்யவில்லை. 2017இல் அதையே மிகப் பெரிய அளவில் செய்தார்கள். இலங்கையின் பால் உற்பத்தியைக் கூட்டுவதற்காக அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் 20,000 கறவை மாடுகளைக் கொண்டுபோவது என்று ஒப்பந்தம் ஆனது. முதற்கட்டமாக ஏறக்குறைய 5,000 மாடுகள் கப்பலில் போயின. பண்ணையாளர்கள் கடன் எடுத்து அவற்றை வாங்கினார்கள். பிறகு வந்த செய்திகள் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும்: நோய், சாவு, சொன்ன அளவில் பாதிகூட வராத பால், கடன் கட்ட முடியாமல் நின்ற பண்ணையாளர்கள். மாடு சரியில்லை என்று ஒரு பக்கம் சொன்னது. பராமரிப்புச் சரியில்லை என்று மறுபக்கம் சொன்னது. திட்டம் பாதி வழியும் போகாமல் நின்றது.

என் கருத்து இதுதான். அந்த மாட்டில் பிழை இல்லை. எதற்காக அதை உருவாக்கினார்களோ அதை அது ஒழுங்காகச் செய்தது. நல்ல புல், தானியத் தீனி, குளிர்ந்த இரவு, கூப்பிட்டால் வரும் மிருக வைத்தியர் என்று எல்லாம் உள்ள ஒரு விக்டோரியாப் பண்ணைக்காக, பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த மாடு அது. அவுஸ்திரேலியாவில் 1980 வாக்கில் ஒரு பசு வருடத்துக்கு 3,000 லீற்றருக்கும் குறைவாகவே கறந்தது. இன்று 6,000 லீற்றருக்கு மேல். இந்த வளர்ச்சியில் ஒரு பங்கு தீனியாலும் பராமரிப்பாலும் வந்தது. மற்றப் பங்கு இனவிருத்தியால் வந்தது. எந்தக் காளையின் விந்தை எந்தப் பசுவுக்குப் போடுவது என்று ஒவ்வொரு வருடமும் எடுக்கும் முடிவுதான் அது.

நான் வேலை செய்வது கணினித் துறையில். அங்கே எல்லாருக்கும் தெரிந்த ஒரு விடயம் உண்டு. ஒரு இலக்கை மட்டும் கொடுத்து "இதைக் கூட்டு" என்று நிரலிடம் சொன்னால், அது கூட்டித் தரும். நீங்கள் சொல்ல மறந்ததையெல்லாம் அதற்கு விலையாகக் கொடுத்துவிடும். மாட்டினவிருத்தியிலும் இதே கதைதான் நடந்தது. உலகம் முழுவதும் பல பத்தாண்டுகளாகப் பாலை மட்டும் பார்த்துக் காளை தெரிந்தார்கள். பால் கூடியது. அதோடு சினைப்படும் திறன் குறைந்தது, மடிநோயும் கால்நோயும் பெருகின, பல பசுக்கள் இரண்டு மூன்று கன்றுகளோடு பண்ணையை விட்டுப் போயின. ஒரு பசு முதல் தடவை கறப்பதற்கு முன் இரண்டு வருடம் தின்று வளர வேண்டும். அப்படி வளர்த்த மாட்டைச் சீக்கிரம் கழிப்பது பண்ணைக்கும் நட்டம், சூழலுக்கும் நட்டம்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 1962இல் அமெரிக்காவில் பிறந்த சீஃப் என்ற ஒரு ஹோல்ஸ்டீன் காளையை எடுத்துக்கொள்வோம். செயற்கை முறைச் சினைப்படுத்தல் மூலம் அதற்கு 16,000 மகள்கள். பேத்திகள் இலட்சக்கணக்கில். பால் கொட்டியது. ஆனால் அந்தக் காளையிடம் ஒரு மரபணுக் குறையும் ஒளிந்திருந்தது. தாய் வழியிலும் தந்தை வழியிலும் அந்தக் குறை வந்து சேர்ந்தால் கரு வயிற்றிலேயே இறந்துவிடும். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். அதற்குள் உலகம் முழுவதும் ஏறக்குறைய 5 இலட்சம் கருக்கள் அழிந்திருக்கலாம் என்பது அவர்களுடைய மதிப்பீடு. கோடிக்கணக்கான மாடுகள் இருந்தாலும் அவற்றின் முன்னோர் ஒரு கைப்பிடிக்குள் அடங்கினால் அந்த இனம் பலவீனமானது.

இனி நல்ல செய்திக்கு வருகிறேன். அது நாங்கள் வாழும் இந்த ஊரிலேயே நடக்கிறது.

இன்று உலகம் முழுவதும் மாட்டினவிருத்தியை மாற்றியிருக்கும் கணக்கு முறை 2001இல் வெளிவந்த ஒரு ஆய்வுக் கட்டுரையில் தொடங்கியது. எழுதியவர்கள் மூவர்: மியூவிசன், ஹேய்ஸ், கொடார்ட். இவர்களில் கொடார்ட் மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். முன்பெல்லாம் ஒரு காளை நல்லதா என்று அறிய, அதன் மகள்கள் பிறந்து, வளர்ந்து, கறக்கும்வரை ஐந்தாறு வருடம் காத்திருக்க வேண்டும். இவர்கள் சொன்ன முறையில், மரபணுவில் ஆயிரக்கணக்கான அடையாளப் புள்ளிகளை ஒரே நேரத்தில் பார்த்து, கன்று பிறந்தவுடனேயே அதன் எதிர்காலத்தைக் கணிக்கலாம். வால் மயிரோ காதுத் துணுக்கோ போதும். ஆனால் ஒரு நிபந்தனை: ஒப்பிட்டுப் பார்க்க ஆயிரக்கணக்கான மாடுகளின் பழைய பதிவுகள் வேண்டும். எந்தப் பசு எந்த நாளில் எவ்வளவு கறந்தது, எப்போது சினைப்பட்டது, எப்போது நோய் வந்தது என்று யாரோ ஒரு பண்ணையாளர் வருடக்கணக்காக எழுதி வைத்திருக்க வேண்டும்.

86ஆம் இலக்க ட்ராமில் ஏறி பண்டூரா வரை போனால் லா ட்ரோப் பல்கலைக்கழகம் வரும். அங்கே அக்ரிபயோ என்ற ஆய்வுக்கூடம் இருக்கிறது. வெப்பத்தைத் தாங்கும் திறனுக்கு மதிப்பெண் கொடுக்கும் வேலையை அங்கிருந்த விஞ்ஞானிகள் செய்தார்கள். அவர்கள் செய்ததைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் பொறாமையும் ஒன்றாக வந்தன. ஏற்கெனவே இருந்த இரண்டு பதிவேடுகளை அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒன்று பண்ணைகளின் பால் பதிவு. மற்றது வானிலை நிலையங்களின் வெப்பம், ஈரப்பதன் பதிவு. வெக்கை ஏறிய நாட்களில் எந்தப் பசுவுக்குப் பால் சட்டென்று குறைந்தது, எதற்குக் குறையவில்லை என்று பார்த்தார்கள். பிறகு கிப்ஸ்லாந்தில் உள்ள எலின்பாங்க் ஆய்வுப் பண்ணையில், நான்கு நாட்கள் செயற்கையாக வெப்ப அலை உண்டாக்கிய அறைகளில் மாடுகளை நிறுத்திச் சோதித்தார்கள். கணக்கு சொன்ன மாடுகளே உண்மையிலும் சூட்டைத் தாங்கின. 2017 இறுதியில் இந்த மதிப்பெண் பண்ணையாளர்களின் கைக்கு வந்தது.

அதற்கு முன்பே, 2015இல், தீனியைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் திறனுக்கும் ஒரு மதிப்பெண் வந்திருந்தது. 2022இல் டேட்டாஜீன் நிறுவனம் நிலைபேற்றுச் சுட்டெண் என்று ஒன்றை வெளியிட்டது. ஒரு லீற்றர் பாலுக்கு எவ்வளவு மீதேன் வெளியேறுகிறது என்பதைக் குறைக்கும் நோக்கில், நீண்ட காலம் நிலைத்து வாழும், ஒழுங்காகச் சினைப்படும், தீனியை வீணாக்காத மாடுகளை அது முன்னுக்கு வைக்கிறது. கனடா 2023இல் மீதேனுக்கென்றே தனி மதிப்பீட்டைத் தொடங்கியது. மீதேனைக் குறைக்கக் கடற்பாசி போன்ற தீனிச் சேர்க்கைகளும் இருக்கின்றன. அவற்றைத் தினமும் கொடுக்க வேண்டும். மேய்ச்சல் மாட்டுக்கு அது கடினம். இனவிருத்தியால் வரும் மாற்றம் மெதுவானது, ஆனால் தாயிடமிருந்து மகளுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

இறைச்சி மாட்டுக்கும் இதே வழிதான். ஆர்மிடேல் நகரில் உள்ள நியூ இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பிரீட்பிளான் என்ற பதிவு முறை 1985இல் உருவானது. இன்று இந்த நாட்டில் காளை வாங்கும் இறைச்சிப் பண்ணையாளர், காளையின் அழகோடு அதன் எண்களையும் பார்த்துத்தான் விலை பேசுகிறார். ஆனால் அந்த வடக்கு மாடுகள் எங்கிருந்து வந்தவை என்று தெரியுமா? குயின்ஸ்லாந்தின் உண்ணியையும் வெயிலையும் ஐரோப்பிய மாடுகள் தாங்கவில்லை. அதனால் 1933இல் அமெரிக்காவிலிருந்து பிராமன் மாடுகளை இறக்கினார்கள். அந்தப் பிராமன், இந்தியாவின் ஓங்கோல், கிர், காங்க்ரேஜ் போன்ற இனங்களின் வாரிசு. 1952இல் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. பாகிஸ்தானிலிருந்து சாஹிவால், சிவப்பு சிந்தி மாடுகளைக் கொண்டுவந்து ஜேர்சியோடு கலந்து, வெயிலையும் உண்ணியையும் தாங்கும் ஒரு கறவை இனத்தையே உருவாக்கியது. பிரேசிலின் இறைச்சி மாடுகளில் பெரும்பங்கு ஓங்கோலின் வழிவந்த நெலோர்.

எங்கள் பக்கத்து மாட்டின் அருமையை மற்றவர்கள் அறிந்து கொண்டுபோனார்கள். அறிந்ததோடு நிற்காமல் பதிவேடு திறந்தார்கள். நாங்கள் பெருமை பேசிக்கொண்டிருந்தோம்.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். 2017 சனவரியில் சல்லிக்கட்டுக்காகச் சென்னை மெரினாவில் இளைஞர்கள் திரண்டபோது, சிட்னியிலும் மெல்பேர்ணிலும் நம்மவர்கள் பதாகையோடு நின்றார்கள். காங்கேயம், புலிக்குளம், உம்பளாச்சேரி என்ற பெயர்களை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு என்ன செய்தோம்? இந்தியாவின் 2019 கால்நடைக் கணக்கெடுப்பில், முந்தைய கணக்கெடுப்போடு ஒப்பிட்டால், நாட்டு மாடுகளின் தொகை 6 சதவீதம் குறைந்திருந்தது. கலப்பின மாடுகள் பெருகியிருந்தன. ஒரு விவசாயி பெருமைக்காக மட்டும் மாடு வளர்க்க முடியாது. நாட்டு மாட்டில் எந்தத் தாய் கூடக் கறக்கிறது, எந்தக் காளையின் கன்றுகள் நோயின்றி வளர்கின்றன என்று தெரியாவிட்டால், அவர் கையில் தெரிவு இல்லை. சந்தையில் கிடைப்பதை வாங்குவார். இந்தியா இப்போது விழித்திருக்கிறது. 2021இல் நாட்டு மாடுகளுக்கென்று ஒரு மரபணுச் சில்லை ஹைதராபாத் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆனால் சில்லு தனியே எதையும் சொல்லாது. பால் பதிவு இருந்தால்தான் அது பேசும்.

இன்னொரு விடயத்தையும் வெளிப்படையாகப் பேசுவோம். நம் வீடுகளில் பாலைப் பற்றிப் பேசுவோம், மாட்டிறைச்சியைப் பற்றிப் பேச மாட்டோம். ஆனால் பசு கறக்க வேண்டுமென்றால் கன்று போட வேண்டும். அதில் பாதி நாம்பன் கன்று. இந்த நாட்டில் பாற்பண்ணைகளில் பிறக்கும் நாம்பன் கன்றுகளில் பல, பிறந்து சில நாட்களிலேயே வெட்டப் போகின்றன. உழவு இயந்திரம் வந்த பிறகு வன்னியிலும் அவற்றுக்கு வேலை இல்லை. வியாபாரியிடம் போகும், அல்லது கட்டாக்காலியாக வீதியில் நிற்கும். பொங்கலுக்கு மறுநாள் மாட்டுக்குப் பொட்டு வைக்கும் நாங்கள் இதைத் தெரியாததுபோல இருந்துவிட முடியாது. இங்கே இப்போது பல பண்ணைகள், நல்ல பசுக்களுக்குப் பெண் கன்றே பிறக்கும்படி பிரித்த விந்தைப் போடுகின்றன. பத்தில் ஒன்பது பசுக்கன்றாகவே பிறக்கும். மற்றப் பசுக்களுக்கு அங்கஸ் போன்ற இறைச்சி இனக் காளையின் விந்தைப் போடுகிறார்கள். அந்தக் கன்றுக்கு விலை உண்டு என்பதால் அதை வளர்ப்பார்கள். இறைச்சி உண்ணாதவர்களுக்கு இது முழுத் தீர்வாகத் தெரியாது. எனக்கும் அந்தக் குழப்பம் இருக்கிறது. ஆனால் பிறந்தவுடன் வீணாகும் உயிர்களின் எண்ணிக்கை இதனால் குறைகிறது.

மாடு வளர்ப்பதையே நிறுத்தலாமே என்று கேட்கும் தம்பி தங்கைகளும் இதைப் படிப்பீர்கள். மெல்பேர்ணில் ஓட்ஸ் பால் வாங்கும் வசதி உள்ள நாங்கள் நம் தட்டில் என்ன வைப்பது என்று முடிவு செய்யலாம். நல்லது. ஆனால் கிளிநொச்சி அக்காவின் மேட்டுக்காணியில் மனிதர் தின்னக்கூடியது வருடத்தில் சில மாதம்தான் விளையும். வைக்கோலையும் காய்ந்த புல்லையும் பாலாகவும் எருவாகவும் மாற்றுவது அந்த மாடுதான். 2021, 2022இல் டொலர் இல்லாமல் பால்மாவுக்கு வரிசையில் நின்ற நாடு அது. அங்கே உள்ள கேள்வி மாடு வேண்டுமா என்பதல்ல, எந்த மாடு என்பது.

பதில் எல்லா இடத்துக்கும் ஒன்றாக இருக்காது. நுவரெலியாக் குளிருக்கு பிரீசியன் பொருந்தும். வறண்ட வலயத்துக்கு சாஹிவால் இரத்தம் கலந்த மாடு, அல்லது தெரிந்தெடுத்த ஊர் மாடு பொருந்தும். இலங்கை அரசின் இனவிருத்திக் கொள்கையே காலநிலை வலயம் பார்த்துத்தான் இனம் பிரிக்கிறது. காரணமும் எளிது. கூடக் கறக்கும் பசுவின் உடல் கூடச் சூட்டை உண்டாக்கும். திமில் உள்ள நம் மாடுகளுக்குக் குட்டையான வழுவழுப்பான மயிர், தொங்கும் தோல், நன்றாக வியர்க்கும் உடம்பு. குறைந்த தீனியிலும் தாக்குப்பிடிக்கும். அவற்றுக்குள்ளேயே நாளுக்கு ஒரு லீற்றர் தருவதும் இருக்கும், மூன்று லீற்றர் தருவதும் இருக்கும். அந்த மூன்று லீற்றர் பசுவின் நாம்பனை ஊர்க் காளையாக வைத்தால் பத்து வருடத்தில் ஊரின் மாடு மாறும். இன்று அந்த நாம்பன் எது என்று ஒருவருக்கும் தெரியாது. யாரும் எழுதி வைக்கவில்லை.

எழுதி வைப்பது ஏழை நாட்டுக்கு முடியாத வேலை என்று சொல்லாதீர்கள். சர்வதேசக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் பத்து வருடங்களாக எதியோப்பியாவிலும் தன்சானியாவிலும் சிறு பண்ணையாளர்களின் மாடுகளைப் பதிவு செய்கிறது. இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர்கள் அவர்கள். பால் அளவு கைபேசி வழியாகப் போகிறது. ஆலோசனை குறுந்தகவலாகத் திரும்பி வருகிறது. அந்தத் தரவைக் கொண்டு அவர்கள் நிலத்திலேயே நன்றாக நின்ற மாடுகளின் காளைகளைத் தெரிகிறார்கள்.

அதனால் உங்களிடம் மூன்று விடயங்கள் கேட்கிறேன்.

ஒன்று, உங்கள் மாணவர் சங்கமோ கோயிலோ அடுத்த முறை மாட்டுக்குக் காசு சேர்க்கும்போது, எந்த இனம், எந்த வயது, வறட்சிக் காலத்தில் தீனி எங்கிருந்து, மிருக வைத்தியர் எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

இரண்டு, பத்து மாட்டுக்குச் சேர்த்தால் எட்டை வாங்குங்கள். மிச்சத்தை ஒரு கொப்பிக்கும், மாதம் ஒருமுறை வீடுவீடாகப் போய்ப் பால் அளந்து எழுதும் ஒரு ஊர்ப் பிள்ளையின் சம்பளத்துக்கும் கொடுங்கள். கன்று போட்ட திகதி, எந்தக் காளை, வெயில் மாதத்தில் எப்படி நின்றது என்ற விபரங்கள் போதும். ஐந்து வருடத்தில் அந்தக் கொப்பியின் பெறுமதி அந்த இரண்டு மாடுகளைவிடக் கூடும்.

மூன்று, உங்களில் பலர் தரவு அறிவியல், உயிரியல், மென்பொருள் என்று படிக்கிறீர்கள். வங்கிகளுக்கும் காப்புறுதி நிறுவனங்களுக்கும் வேலை செய்ய ஆட்கள் நிறைய இருக்கிறோம். நானே சாட்சி. பண்டூராவிலும் ஆர்மிடேலிலும் நடக்கும் வேலையைக் கற்றுக்கொண்டு அதை வன்னிக்கோ கொங்குநாட்டுக்கோ கொண்டுபோகக்கூடிய தமிழ் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர்?

கிளம்பும்போது அந்த அக்கா சீனி போட்டுப் பால் தேத்தண்ணி தந்தார். எந்த மாட்டுப் பால் என்று கேட்டேன். சிவலையைக் காட்டினார். அதன் தாயும் அப்படித்தான் கறந்ததாம், அதன் தாயின் தாயும் கறந்ததாம். மூன்று தலைமுறைக் கணக்கு அவர் தலைக்குள் இருந்தது. அன்று என் கைப்பையில் கொப்பியும் பேனையும் இருந்தன. நான் எழுதிக்கொள்ளவில்லை. அடுத்த முறை போகிறவர் எழுதிக்கொண்டு வாருங்கள்.